ஸ்வெட்டருக்குள் வெயில்: மாதவிடாய் நிற்கும் வயதில் யோகா தொடங்குகிறவர்களுக்கு

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்கழி விடியற்காலை. கோத்தகிரிக்குக் கீழே எங்கள் வீட்டில், நாலு மணிக்கு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு முதுகில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. "என்ன ஆச்சு உனக்கு? சாத்தும்மா, ஜன்னி வந்துரும்" என்று கம்பளிக்குள்ளிருந்து வீட்டுக்காரர் சத்தம் போட்டார். எனக்கு அப்போது 48 வயது. என்ன ஆச்சு என்று எனக்கே தெரியாதபோது அவருக்கு என்ன சொல்வது? மாதவிடாய் நிற்கும் பருவத்தில், அதாவது மெனோபாஸில், குப்பென்று ஏறி வியர்க்க வைக்கும் சூடு அது என்று பிறகுதான் தெரிந்தது.

சமவெளியில் வியர்த்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மலையில் அப்படியில்லை. எல்லோரும் குல்லாவும் சால்வையுமாக உட்கார்ந்திருக்கும் பஸ்ஸில் ஒருத்தி மட்டும் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு முந்தானையால் விசிறிக்கொண்டால், காய்ச்சலா, பிரஷரா என்று நாலு பேர் கேட்பார்கள். அந்தக் கூச்சத்திலேயே பலர் வாயைத் திறப்பதில்லை.

இப்போது எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் ஏழெட்டுப் பேர் சேர்ந்து யோகா செய்கிறோம். கொழுந்து பறிக்கிறவர்கள், கேரட் தோட்டத்துக்குப் போகிறவர்கள், ஒரு பள்ளிக்கூட டீச்சர், தையல் கடை வைத்திருக்கும் ஒருவர். நான் மருத்துவரும் இல்லை, பெரிய குருவும் இல்லை. குன்னூரில் ஓர் அம்மாவிடம் மூன்று வருஷம் ஒழுங்காகக் கற்றுக்கொண்டவள், அவ்வளவுதான். புதிதாக வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

எதற்காகச் செய்கிறோம்

வந்தவுடன் எல்லோரும் கேட்பது இதுதான்: "அக்கா, இதைச் செஞ்சா இந்தச் சூடு நின்னுருமா?"

நிற்கும் என்று நான் சொல்வதில்லை. 2008-ல் வெளியான பெங்களூர் ஆய்வு ஒன்றில் 120 பெண்கள் எட்டு வாரம் பயிற்சி செய்தார்கள். சாதாரண உடற்பயிற்சி செய்தவர்களைவிட யோகா செய்தவர்களுக்குச் சூடும் இரவு வியர்வையும் நன்றாகவே குறைந்தன. ஆனால் 2014-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், 249 பெண்களைப் பன்னிரண்டு வாரம் கவனித்தபோது, சூடு வரும் எண்ணிக்கையில் யோகாவால் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. தூக்கம் மட்டும் மேம்பட்டது. மெனோபாஸ் பற்றி மருத்துவர்களுக்கு வழிகாட்டும் வட அமெரிக்கச் சங்கமும் 2023-ல் வெளியிட்ட அறிக்கையில் சூட்டுக்கு மருந்தாக யோகாவைப் பரிந்துரைக்கவில்லை.

என் உடம்பு சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான். சூடு தன் போக்கில் வந்தது, தன் போக்கில் குறைந்தது. ஆனால் தூக்கம் திரும்பி வந்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது இடுப்பு பிடித்துக்கொள்வது குறைந்தது. வீட்டில் எல்லோர் மீதும் எரிந்து விழுவதும் குறைந்தது என்று மகள் சொல்கிறாள். இவற்றுக்காகச் செய்யுங்கள். சூட்டை மட்டும் விரட்ட வந்தவர்கள் மூன்றாவது வாரமே "ஒண்ணும் கேக்கலை" என்று நின்றுவிடுகிறார்கள். சூடு தாங்க முடியவில்லை என்றால் அதற்கு மருந்துகள் இருக்கின்றன, மகளிர் மருத்துவரிடம் கேளுங்கள். யோகா செய்கிறவர் மருந்து எடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

பாய் விரிக்கும் முன்

பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வராமல் இருந்தால்தான் மாதவிடாய் நின்றுவிட்டது என்று கணக்கு. பெரும்பாலோருக்கு 45-க்கும் 55-க்கும் நடுவில் இது நடக்கும். அதற்கு முன்னால் சில வருஷம் முன்னே பின்னே வந்து ஆட்டம் காட்டும். அந்த இடைக்காலத்தில் கர்ப்பம் தரிக்கவும் வாய்ப்பு உண்டு. எனவே நாள் தள்ளிப்போனால் "வயசாயிருச்சு" என்று நீங்களாகவே முடிவு கட்டிவிடாதீர்கள்.

சிலர் யோகாவுக்கு வரும் முன் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். நாற்பது வயதுக்கு முன்பே நின்றவர்கள், மணிக்கு ஒரு நாப்கின் நனையும் அளவுக்கு ரத்தம் படுகிறவர்கள், முழுதாக நின்று ஒரு வருஷம் கழித்து ஒரு சொட்டு பட்டவர்கள். கடைசியில் சொன்னதை "சூட்டுக்குப் பட்டிருக்கும்" என்று தள்ளிப்போடவே கூடாது. தைராய்டும் ரத்தசோகையும் இதே மாதிரி களைப்பு, படபடப்பு, தூக்கமின்மை என்று வேஷம் போட்டு வரும் என்பதால், ஒரு தடவை ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

ரத்த அழுத்தம் என்ன என்று தெரியாமல் ஆரம்பிக்காதீர்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் தன்னார்வலரிடம் கையை நீட்டினால் இரண்டு நிமிஷ வேலை. நான் இந்தப் பாடத்தைக் கஷ்டப்பட்டுத்தான் கற்றேன். கீழே சமவெளியில் ஒரு வகுப்பில் சேர்ந்த முதல் நாளே, பிரஷர் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்காமல், எல்லோரையும் கபாலபாதி, அதாவது மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் பயிற்சி, செய்ய வைத்தார்கள். "இன்னும் வேகமா, இன்னும் வேகமா" என்று சத்தம் வேறு. அறுபதாவது மூச்சில் குப்பென்று சூடு ஏறி, கண் இருட்டி, பக்கத்தில் இருந்தவர் தோளில் சாய்ந்துவிட்டேன். எனக்கு 160-க்கு மேல் பிரஷர் இருந்தது அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் பார்த்தபோதுதான் தெரிந்தது.

இன்னொன்று எலும்பு. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும் இந்த வருஷங்களில் எலும்பு வேகமாகத் தேயும். லேசாக வழுக்கி விழுந்ததற்கே மணிக்கட்டு உடைந்தவர்கள், அம்மாவுக்குக் கூன் விழுந்திருப்பவர்கள், ஆஸ்துமாவுக்கு மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்கள், எலும்பு அடர்த்தி ஸ்கேன் தேவையா என்று மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள். எலும்பு மெலிந்தவர்கள் முதுகை வளைத்துக் குனிந்து காலைத் தொடுவதும், உடம்பை முறுக்கித் திருப்புவதும் முதுகெலும்பில் கீறல் விழக் காரணமாகலாம்.

குளிருக்கு ஏற்ற ஏற்பாடு

யோகா என்றாலே பிரம்ம முகூர்த்தம் என்று சொல்வார்கள். மலையில் அந்த நேரத்தில் எழுந்து குனிந்தால் இடுப்பு கேள்வி கேட்கும். உடம்பு இறுகியிருக்கும் நேரம் அது. மதியம் மூன்று மணிக்கு மேல், அல்லது வேலை முடிந்து வந்து கைகால் கழுவிய கையோடு செய்வது எங்களுக்கு ஒத்து வருகிறது. காலையில்தான் நேரம் கிடைக்கும் என்றால், அடுப்பு வேலை முடித்து உடம்பு கொஞ்சம் சூடான பிறகு செய்யுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தால் இரண்டு மூன்று மணி நேரம் விட வேண்டும்.

உடைதான் முக்கியம். தலை வழியாக மாட்டும் ஸ்வெட்டர் வேண்டவே வேண்டாம். சூடு ஏறும்போது அதைக் கழற்றுவதற்குள் பாதி உயிர் போய்விடும், தலைமுடியும் கலைந்து, கோபமும் வரும். முன்பக்கம் பட்டன் வைத்தது போடுங்கள், உள்ளே பருத்தி. சூடு வந்தால் இரண்டு பட்டனைத் திறந்தால் போதும், போனதும் போட்டுக்கொள்ளலாம். நைலான் உள்ளாடை வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் அந்த ஈரமே குளிரும். ராத்திரி தலைமாட்டில் ஒரு காய்ந்த பருத்தித் துண்டும் மாற்று நைட்டியும் வைத்துக்கொள்வதும் இதே காரணத்துக்குத்தான்.

சிமெண்டுத் தரை ஐஸ் மாதிரி இருக்கும். ரப்பர் மேட் மட்டும் போதாது, அதன் மேல் ஒரு ஜமக்காளத்தை மடித்துப் போடுங்கள். ஆனால் நின்று செய்யும்போது ஜமக்காளத்தை எடுத்துவிட வேண்டும், வழுக்கும். சாக்ஸும் வழுக்கும். படுத்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மேட்டைச் சுருட்டி மூலையில் வைத்தால் பத்து நாளில் பூஞ்சை பிடித்துவிடும், கொடியில் தொங்கவிடுங்கள்.

அறையைச் சூடாக்குகிறேன் என்று கதவு ஜன்னலைச் சாத்திவிட்டுக் கரி அடுப்பு, கணப்பு எதையும் வைக்காதீர்கள். அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை இல்லை. மலையில் அது உயிரையே வாங்கியிருக்கிறது. கண்ணை மூடிப் படுத்து மூச்சுப் பயிற்சி செய்யும் அறையில் அது இருக்கவே கூடாது.

முதல் இரண்டு வாரம்: நாற்காலியும் சுவரும்

பத்துப் பதினைந்து நிமிஷம் போதும். கனமான மர நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், கால் விரியும், வேண்டாம்.

நாற்காலியின் முன்பாதியில் உட்கார்ந்து, இரண்டு பாதமும் தரையில் பதியட்டும். மூச்சை இழுக்கும்போது நெஞ்சை நிமிர்த்தி, விடும்போது முதுகை லேசாகப் பின்னுக்குத் தள்ளுங்கள். எட்டுத் தடவை. இது பூனை மாதிரி முதுகை அசைப்பது, நாற்காலியில் செய்வதால் முட்டிக்குச் சுமை இல்லை. அடுத்து தோளைச் சுற்றுங்கள், முன்னே ஐந்து, பின்னே ஐந்து. இந்த வயதில் தோள்பட்டை இறுகிப்போவது சகஜம், சர்க்கரை இருந்தால் இன்னும் அதிகம். கை தலைக்கு மேல் போகவில்லை என்றால் போகும் வரை போதும். அடுத்தவர் பிடித்து மேலே தூக்கிவிட விடாதீர்கள்.

பிறகு எழுந்து சுவருக்கு ஒரு கை தூரத்தில் நில்லுங்கள். தாடாசனம். சும்மா நிற்பதற்கு ஒரு ஆசனமா என்று சிரிப்பார்கள். நின்று பாருங்கள். குதிகாலில் பாதி, முன்பாதத்தில் பாதி எடை, முட்டி இறுக்காமல், மோவாய் கொஞ்சம் உள்ளே. பத்து மூச்சு. மூன்றாவது மூச்சிலேயே தோள் காதுக்கு ஏறியிருப்பது தெரியும், இறக்குங்கள். அப்புறம் சுவரில் ஒரு கை வைத்தபடி ஒற்றைக்காலை உயர்த்தி, பாதத்தை மற்றக் காலின் கணுக்காலுக்கு மேல் வையுங்கள். விருட்சாசனத்தின் முதல் படி. தொடை வரை ஏற்ற வேண்டாம், முட்டியில் அழுத்தவும் கூடாது. ஒரு பக்கம் ஐந்து மூச்சு. எங்கள் ஊரில் ஈரப் படியிலும் தேயிலைச் சரிவிலும் விழாமல் நடக்க வேண்டியவர்களுக்கு இந்தச் சமநிலைப் பயிற்சி வீண்போகாது.

கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, கையை ஊன்றாமல், மெதுவாக. ஐந்து தடவையில் ஆரம்பித்துப் பத்து. தொடைக்கும் இடுப்புக்கும் இதைவிட எளிய பயிற்சி எனக்குத் தெரியாது.

மூன்றாவது வாரம்: தரைக்கு இறங்குதல்

இறங்குவதிலும் எழுவதிலும்தான் பெரும்பாலும் இடுப்பு பிடிக்கும். நாற்காலியைப் பிடித்து ஒரு முட்டியை ஊன்றி, அடுத்த முட்டி, பிறகு பக்கவாட்டில் சாய்ந்து படுங்கள். எழும்போதும் பக்கவாட்டில் உருண்டுதான் எழ வேண்டும், நேராக நிமிரக் கூடாது.

மல்லாந்து படுத்து முட்டியை மடக்குங்கள். பாதம் இடுப்பு அகலத்தில், குதிகால் முட்டிக்கு நேர் கீழே. மூச்சை விட்டபடி இடுப்பை ஒரு சாண் உயர்த்தி, மூன்று மூச்சு நிறுத்தி, முதுகெலும்பை மேலிருந்து ஒவ்வொன்றாகத் தரையில் வைப்பது போல இறக்குங்கள். இது சேதுபந்தாசனம். ஐந்து தடவை. எலும்பு மெலிவுக்குப் பயந்தவர்கள் இறக்கும்போது முதுகைச் சுருட்டாமல் பலகை மாதிரி ஒரே சேர இறக்கலாம். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் இதைச் செய்யாமல் விட்டுவிடலாம்.

பிறகு காலை உயரே வைப்பது. புத்தகத்தில் சுவரில் சாய்த்து என்று போட்டிருக்கும். எங்கள் ஊர்ச் சுவர் ஆனி முதல் கார்த்திகை வரை ஈரம் கோத்து நிற்கும், அதில் காலை வைத்தால் கெண்டைக்கால் விறைத்துப்போகும். அதனால் நாங்கள் கட்டிலின் மேலோ நாற்காலியின் மேலோ கெண்டைக்காலை வைத்து, முட்டியை மடக்கியபடி படுக்கிறோம். இடுப்புக்குக் கீழே ஒரு மடித்த போர்வை, வயிற்றின் மேல் இன்னொன்று. ஐந்து முதல் பத்து நிமிஷம். தூக்கம் கெட்டவர்களுக்கு நான் ஒன்றே ஒன்றைச் செய்யச் சொல்வதானால் இதைத்தான் சொல்வேன். ராத்திரி படுக்கும் முன் தனியாகவும் செய்யலாம். தலை கீழே போகும் ஆசனங்கள், அதாவது சிரசாசனம், சர்வாங்காசனம், கண்ணில் நீர் அழுத்தம் உள்ளவர்களுக்கும் கட்டுப்படாத பிரஷர்காரர்களுக்கும் ஆகாது. புதிதாக வருகிற யாருக்கும் நான் அவற்றைச் சொல்லித் தருவதில்லை.

சூரிய நமஸ்காரம் எப்போது என்று கேட்பார்கள். ஜூன் 21 யோகா தினத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மழைச் சாரலில் செய்வதைப் பார்த்து வருகிற ஆசை அது. மூன்று மாதம் போகட்டும், முட்டியும் மணிக்கட்டும் சம்மதித்தால் பார்க்கலாம்.

மூச்சு

நாலு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள், மூக்கு வழியாகத்தான். அடக்கி நிறுத்த வேண்டாம். ஐந்து நிமிஷம். இதற்குப் பழகிய பிறகு பிராமரி: மூச்சை விடும்போது வாயை மூடி வண்டு மாதிரி ரீங்காரம். எங்கள் கூட்டத்தில் இதைச் செய்யும்போது முதல் நாள் எல்லோருக்கும் சிரிப்பு வரும். இரண்டாவது வாரம் அதைத்தான் கேட்டு வாங்கிச் செய்வார்கள்.

சீதளி என்று நாக்கைச் சுருட்டி மூச்சிழுப்பது ஒன்று இருக்கிறது, குளிர்ச்சி தரும் என்பார்கள். வாய்க்குள் குளிர்ச்சி தெரிவது உண்மை. உடம்புச் சூட்டையே இறக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். பனி மூட்டத்தில், ஆஸ்துமாவோ சளியோ இருக்கும்போது அதைச் செய்ய வேண்டாம். கபாலபாதி பற்றி என் கதையை ஏற்கனவே சொல்லிவிட்டேன், வேகமாக மூச்சு இழுத்து விடும் பஸ்திரிகாவுக்கும் அதுதான்.

சிரித்தால் கசிகிறவர்களுக்கு

தும்மினால், சிரித்தால், கொழுந்து மூட்டையைத் தூக்கினால் சிறுநீர் ஒரு சொட்டு கசிவது. இதைச் சொல்ல ஒருத்திக்கு எட்டு மாதம் ஆயிற்று, அதுவும் எல்லோரும் போன பிறகு, செருப்பு மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல். அடுத்த வாரம் பெயர் சொல்லாமல் பொதுவாகப் பேச்சை எடுத்தேன். ஏழு பேரில் நாலு பேர் கை தூக்கினார்கள்.

படுத்தபடி, சிறுநீரை அடக்குவது போலக் கீழே உள்ள தசையை உள்ளே மேலே இழுங்கள். வயிற்றையும் பின்பக்கத்தையும் இறுக்கக் கூடாது, மூச்சும் நிற்கக் கூடாது. ஐந்து விநாடி பிடித்து, ஐந்து விநாடி முழுதாக விடுங்கள். பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை. யோகாவில் மூலபந்தம் என்பதற்கு இது பக்கத்துச் சொந்தம். கழிவறையில் பாதியில் நிறுத்திப் பழகாதீர்கள். மாற்றம் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். கீழே ஏதோ இறங்குகிற மாதிரி இருந்தால் அது கர்ப்பப்பை இறக்கமாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

"நாங்க நாள் பூரா மலை ஏறி இறங்கறோமே?"

தோட்டத்து அக்காக்கள் இதைக் கேட்காமல் விட மாட்டார்கள். நியாயமான கேள்வி. ஏற்றத்தில் நடப்பது எலும்புக்கும் இதயத்துக்கும் நல்லது, அதில் அவர்கள் என்னைவிட முன்னால்தான் இருக்கிறார்கள். ஆனால் எட்டு மணி நேரம் கழுத்து முன்னால், கை முன்னால், கண் செடி மேல். உடம்பு அந்த ஒரே கோணத்தில் உறைந்துவிடும். அவர்களுக்கு முழுப் பயிற்சி வேண்டாம். சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, பின்தலையும் தோளும் சுவரில் படும்படி இரண்டு நிமிஷம், கை விரல்களை விரித்து மடக்குவது, கடைசியில் காலை நாற்காலியில் போட்டுப் படுப்பது, இது போதும். மஸ்டருக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் பெயர் பதிய, ஓடும் அவசரத்தில் காலையில் எதுவும் செய்ய வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரே வரி: மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நாளுக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்கு, நூறு கிராம் ராகியில் சுமார் 350 இருக்கிறது. மிச்சத்தைப் பாலிலும் கீரையிலும் தேடுங்கள். சூடான டீ குடித்தவுடன் சிலருக்குச் சூடு வரும், ஆறவிட்டுக் குடித்துப் பாருங்கள். தேயிலை மலையில் இருந்துகொண்டு டீயே குடிக்காதீர்கள் என்று நான் சொன்னால் என்னை ஊரை விட்டே அனுப்பிவிடுவார்கள்.

பாதியில் சூடு வந்தால்

நிறுத்துங்கள். நின்றுகொண்டிருந்தால் உட்காருங்கள், பட்டனைத் திறந்துவிடுங்கள், நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடும் மூச்சை மட்டும் செய்யுங்கள். பெரும்பாலும் சில நிமிஷத்தில் அடங்கிவிடும். நெஞ்சு வலியோ, இடது கையில் வலியோ, மயக்கமோ கூட வந்தால் அது வேறு விஷயம், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

எங்கள் கூடத்தில் ஜன்னலோரம் ஒரு பாய் போட்டிருக்கிறோம். அது யாருக்கும் சொந்தமில்லை. அன்றைக்கு யாருக்குச் சூடோ அவர்களுக்கு. முதல் நாள் யாரும் அங்கே போக மாட்டார்கள். போன வாரம் இரண்டு பேருக்குள் அந்த இடத்துக்கு லேசாகத் தகராறே வந்துவிட்டது. இன்னொரு ஜன்னலின் கொக்கியைச் சரி பண்ணச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் முதல் நாள் வரும்போது ஒரு போர்வை, ஒரு காய்ந்த துண்டு, பட்டன் வைத்த ஸ்வெட்டர், கடைசியாகப் பிரஷர் பார்த்த சீட்டு, இவற்றை எடுத்து வாருங்கள். மேட் இல்லாவிட்டால் பரவாயில்லை, அலமாரியில் இரண்டு இருக்கின்றன.